தூக்குப்போசி வெல்லம்

ஜூலை 5, புதன்

இந்த நோட்டு நான் கேட்டு வாங்கியதில்லை. புதன்கிழமைதோறும் கம்பெனிக்கு வரும் புது டாக்டரம்மா கையில் திணித்தது. பேர் நூர்ஜஹான், திருச்சிக்காரர். "காலையில எந்திரிச்சதுலேர்ந்து படுக்குற வரைக்கும் உங்க வாய்க்குள்ள என்ன போச்சு, எப்ப போச்சு, எங்க வச்சுப் போச்சு, அதை மட்டும் எழுதுங்க சார். நீங்க நல்லவரு வல்லவருங்கறதெல்லாம் வேண்டாம்" என்றார். நான் நல்லவன், வல்லவன் என்று யாரிடமும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

எப்படியும் படிக்கப்போகிறார் என்பதால் முதலில் என்னைப் பற்றி. நாச்சிமுத்து, வயது நாற்பத்தெட்டு. ஈரோட்டுக்குப் பக்கம் ஒரு பேட்டரி கம்பெனியில் மாவு மில்லின் ஏ ஷிப்ட் இன்சார்ஜ். பத்தொன்பது வருஷ சர்வீஸ். மாவு மில் என்றால் அரிசி மாவோ கம்பு மாவோ இல்லை. ஈயக் கட்டிகளை உருளைக்குள் போட்டு உருட்டினால் அது காற்றோடு சேர்ந்து சாம்பல் நிறப் பொடியாகும். பேப்பரில் அதற்கு லெட் ஆக்சைடு என்று பேர், எங்களுக்கு மாவு. அதைக் குழைத்துத்தான் பேட்டரித் தகட்டில் அப்புவார்கள். விஷம் என்பது எல்லோருக்கும் தெரியும். மில் வாசலில் மண்டை ஓடு படம் மாட்டியிருக்கிறது. ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனப் பொட்டு வைப்போம்.

என் ஷிப்டில் பதினொரு பேர். மாஸ்க் இல்லாமல் ஒருத்தன் உள்ளே கால் வைக்க முடியாது. ஏர் பைப்பை எடுத்துச் சட்டைத் தூசியை ஊதினால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவேன். எனக்குப் பின்னால் 'மாமியார்' என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். வைத்துக்கொள்ளட்டும்.

இன்றைக்கு எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜூலை 6, வியாழன்

4.45 காப்பி, வீட்டில். 5.10 வாழைப்பழம் இரண்டு. 6.00 ஷிப்ட். 9.30 கேண்டீனில் இட்லி நாலு, கை சோப்புப் போட்டுக் கழுவினேன். 11.30 டீ, அதற்கும் கழுவினேன். 2.00 ஷிப்ட் முடிந்த கையோடு எல்லோருக்கும் வெல்லம் கொடுத்தேன், நானும் ஒரு துண்டு. 3.15 வீட்டில் சோறு, கத்திரிக்காய்க் குழம்பு. 5.30 டீ, முறுக்கு. 8.30 ராகிக் களி, கீரை.

வயிறு: நன்று.

ஜூலை 7, வெள்ளி

மேலே உள்ளபடியே. குழம்பு மட்டும் பருப்பு.

ஜூலை 8, சனி

வாயில் போனது வியாழக்கிழமை மாதிரியேதான். ஆனால் இன்றைக்கு எழுத வேறு விஷயம் இருக்கிறது, டாக்டரம்மா மன்னிக்கவும். கேரத்தில் அர்த்தனாரியை ஜெயித்துவிட்டேன்.

அர்த்தனாரி என் ஷிப்டில் மில் ஆபரேட்டர். என்னைவிட மூன்று வயது சின்னவன். பதினொரு வருஷமாக டிபன் இடைவேளையில் கேண்டீன் போர்டில் இரண்டு பேரும் ஆடுகிறோம். ஒரு ஆட்டம்கூட நான் ஜெயித்ததில்லை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கம்பெனி வைக்கும் போட்டியில் கோப்பை அவனுக்குத்தான். அவன் சுண்டினால் காய் குழியில் விழும் சத்தம்தான் கேட்கும், போனது கண்ணில் படாது. இன்றைக்கு அவன் ஸ்ட்ரைக்கர் நாலு தடவை பாதி வழியிலேயே நின்றது.

"போர்டுக்குப் பவுடர் பத்தலீங்ணா" என்றான்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே விரலை நீவிவிட்டுக்கொண்டான். வரும் வழியில் ருக்குமணிக்குக் கால் கிலோ மிக்சர் வாங்கி வந்தேன்.

ஜூலை 10, திங்கள்

வாயில் போனது வழக்கம்போல். வெல்லம் தீர்ந்துவிட்டது, நேற்றைக்குக் கவுந்தப்பாடி போய் ஐந்து கிலோ எடுத்து வந்தேன். அதைப் பற்றி எழுதவில்லையே என்று இப்போதுதான் தோன்றுகிறது.

தூசியில் வேலை செய்கிறவன் வெல்லம் தின்றால் ஈயம் உடம்பில் நிற்காது என்று நான் சேர்ந்த புதிதில் இருந்த ஃபிட்டர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பஞ்சு மில்லிலும் அப்படித்தான் கொடுப்பார்கள். நான் இன்சார்ஜ் ஆன வருஷம் எங்கள் வீட்டு எவர்சில்வர் தூக்குப்போசியைக் கொண்டுவந்து மில் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினேன். பதினான்கு வருஷமாக அதே போசி, அதே ஆணி. மூடி கொஞ்சம் நசுங்கியிருக்கிறது, அழுத்தி மூட வேண்டும். இரண்டு மணி சங்கு ஊதியதும் எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்பார்கள். நானே உடைத்து ஆளுக்கு ஒரு துண்டு கையில் வைப்பேன். வேண்டாம் என்று ஒருத்தன் சொல்லக் கூடாது. பி ஷிப்ட் இன்சார்ஜ் மாரப்பனுக்குச் சர்க்கரை வியாதி, வெல்லத்தைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்பான். அவன் ஆட்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அர்த்தனாரி ஒரு மாதமாகச் சோர்ந்து தெரிகிறான். அவனுக்கு மட்டும் இரண்டு துண்டு.

வயிறு: நன்று.

இவர் எழுதியிருப்பது பொய்ங்க டாக்டர். பத்து நாளாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். வெளிக்குப் போவது நாலு நாளைக்கு ஒரு தடவை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். கத்திரிக்காய்தான் காரணம் என்று என்னைத் திட்டுகிறார். இப்படிக்கு ருக்குமணி.

ஜூலை 11, செவ்வாய்

நோட்டை இனி பீரோவில் வைத்துப் பூட்டுவேன்.

ஜூலை 12, புதன்

ரத்த ரிசல்ட் வந்தது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ரத்தத்தில் ஈயம் நாற்பதைத் தாண்டினாலே பேச வேண்டுமாம், அறுபதைத் தாண்டியவனை மில்லுக்குள் விடமாட்டாராம். எனக்கு ஐம்பத்திரண்டு. என் ஷிப்டில் மூன்று பேர் அறுபதுக்கு மேல். அர்த்தனாரிக்கு எழுபத்துநாலு. மூன்று பேரையும் உடனே மாவு படாத யார்டு வேலைக்கு மாற்றச் சொல்லிவிட்டார்.

அதுகூடப் பரவாயில்லை. அடுத்து ஒன்று சொன்னார். "உங்க ஷிப்ட் சராசரி அம்பத்தாறு. பி ஷிப்ட் முப்பத்தேழு. ஒரே மில்லு, ஒரே மாவு, ஒரே மாஸ்க். உங்க ஷிப்டுல மட்டும் என்னமோ நடக்குது சார்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. மாரப்பன் ஆட்கள் மாஸ்க்கைக் கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறவர்கள். அதை நானே பார்த்திருக்கிறேன். "ரத்தம் மாறிப்போயிருக்கும், திரும்ப டெஸ்ட் பண்ணுங்க" என்றேன். பண்ணலாம் என்றவர், நோட்டைக் கேட்டார். கொண்டுவரவில்லை என்றேன். டிபன் பைக்குள்தான் இருந்தது.

சைக்கிள் ஸ்டாண்டில் மாரப்பன், "என்னுங்க மாமியாரே, மருமகளுக்கெல்லாம் ஒடம்பு செரியில்லியாமா?" என்று கேட்டான்.

ஜூலை 14, வெள்ளி

கேண்டீனில் அர்த்தனாரி டீ டம்ளரை எடுத்தான். எடுத்த டம்ளர் நழுவி மேசையில் கவிழ்ந்தது. கை வெந்துபோயிருக்குமோ என்று பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டு தொங்கியது. "தூக்குடா" என்றேன். முகம் சிவக்க முயற்சி செய்தான். விரல்கள் மடங்குகின்றன, நிமிரவில்லை.

"ராத்திரி கையை மடிச்சுப் போட்டுத் தூங்கிட்டனாட்ட இருக்குதுங்ணா. செத்த நேரத்துல செரியாயிரும்."

"எத்தனை நாளா இப்படி?"

கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். சட்டையைப் பார்த்தேன். எல்லாப் பட்டனும் சரியாகத்தான் போட்டிருந்தது. "வசந்தாமணிதான் போட்டு உடறா" என்றான். வசந்தாமணி அவன் மனைவி. ஒரு மாதமாக அவள்தான் பட்டன் போட்டுவிடுகிறாளாம். இன்சார்ஜுக்குச் சொன்னால் மில்லை விட்டு மாற்றிவிடுவார் என்று சொல்லவில்லையாம். நான்தான் அந்த இன்சார்ஜ்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். கோவையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, கம்பெனி வண்டியிலேயே அனுப்பச் சொன்னார்.

ஜூலை 8-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மூடி வைத்துவிட்டேன்.

ஜூலை 16, ஞாயிறு

கோவைக்குப் போய் அர்த்தனாரியைப் பார்த்தேன். மருந்து ஏற்றுகிறார்கள். கை சரியாகுமா என்று வசந்தாமணி கேட்டதற்கு அங்கிருந்த டாக்டர், நரம்புதானே, ஈயம் உள்ளே போவது நின்றால் மெதுவாகத் திரும்ப வாய்ப்பு இருக்கிறது, நிற்காவிட்டால் இல்லை என்றாராம். எங்கிருந்து போகிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு கிலோ உருண்டை வெல்லம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அவன் வாயில் ஒரு துண்டை நானே வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 19, புதன்

இதை எழுதாமல் விட்டால் என்ன என்று தோன்றுகிறது. எழுதுகிறேன்.

காலையில் நானாகவே போய் நோட்டை டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். ருக்குமணி எழுதியதைப் படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு முதலிலிருந்து மறுபடி படித்தார். மேசையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து மூன்று வார்த்தைக்குக் கீழே கோடு போட்டு, நோட்டை என் பக்கம் திருப்பினார்.

'ஷிப்ட் முடிந்த கையோடு.'

"எந்தக் கையோட சார்?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. "முடிஞ்ச ஒடனேன்னு அர்த்தமுங்க" என்றேன்.

"அது தெரியுது. முடிஞ்ச உடனேன்னா, கழுவுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

மனசுக்குள் வியாழக்கிழமையை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

இட்லிக்குக் கழுவினோம், டீக்குக் கழுவினோம். வெல்லத்துக்குக் கழுவியதே இல்லை. வெல்லத்தை நாங்கள் தின்கிற பண்டமாக நினைத்ததில்லை, மருந்தாகத்தான் நினைத்தோம். மருந்துக்கு யார் கை கழுவுவார்கள்?

டாக்டரம்மா பெட்டியிலிருந்து ஒரு சின்னக் காகிதத்தை எடுத்து, மருந்தில் நனைத்து, ஷிப்டிலிருந்து வந்த என் உள்ளங்கையில் துடைத்தார். ஈயம் இருந்தால் சிவக்குமாம். கையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காகிதம் சிவந்தது. தூக்குப்போசியைக் கொண்டுவரச் சொன்னார். கைப்பிடி சிவப்பு. நசுங்கிய மூடியின் உள்பக்கம் சிவப்பு. அடித்தூள் கிடக்கும் பாத்திரத்தின் உள்ளே துடைத்த காகிதத்தை அவர் என்னிடம் காட்டவில்லை, மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். அந்த அடித்தூளைத் தினமும் விரலால் வழித்துத் தின்கிறவன் நான்தான்.

"வெல்லம் ஈயத்தை இழுத்துட்டு வெளிய போகாது சார். அது வெறும் நம்பிக்கை. ஆனா ஈயத்தை உள்ள கொண்டு போறதுக்கு வெல்லம் நல்ல வண்டி" என்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. டீ வரவழைத்தார். டீக்கு முன்னால் என்னைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவ வைத்தார்.

சோர்ந்து தெரிகிறான் என்று அவனுக்கு மட்டும் இரண்டு துண்டு.

ஜூலை 20, வியாழன்

காலையில் காப்பி. வேறெதுவும் வாயில் போகவில்லை.

ஜூலை 21, வெள்ளி

தூக்குப்போசியை ஆணியிலிருந்து எடுத்தேன். ஈயக் கழிவு டிரம்மில் போட்டு மூடினேன். இரண்டு மணிக்கு எல்லோரும் வழக்கம்போல் வரிசையில் வந்து நின்றார்கள். ஏன் இல்லை என்று சொன்னேன். ஒவ்வொருத்தனும் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். அதற்கு என்னை நாலு அடி அடித்திருக்கலாம். கடைசியில் ஒருத்தன், "அப்ப மாரப்பண்ணன் ஷிப்டுக்கு மாஸ்க்கும் இல்ல, வெல்லமும் இல்ல, ஈயமும் இல்லீங்ளா?" என்றான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிரித்துவிட்டோம்.

வீட்டில் ருக்குமணியிடம் வயிற்று வலி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். கத்திரிக்காயிடமும் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள்.

ஜூலை 23, ஞாயிறு

அர்த்தனாரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி மருந்தும் கைப் பயிற்சியும். பஸ் ஏறிப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழி முழுவதும் யோசித்து வைத்திருந்தேன். அவனைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"அர்த்தனாரி, உன்ற கையைக் கெடுத்தது நான்தான்டா" என்றேன். போசி, காகிதம், சிவப்பு, எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே இருந்தான். "எனக்கு மட்டும் எச்சா ஒரு துண்டு குடுப்பீங்களே, அதுவுமுங்ளா?"

"அதுவுந்தான்."

வசந்தாமணி எழுந்து உள்ளே போனாள். ஆஸ்பத்திரியில் நான் கொடுத்த வெல்லப் பொட்டலத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். "இது கடையிலருந்து நேரா வந்ததுங்ளா, இல்ல மில்லுக்குள்ள போயிட்டு வந்ததுங்ளா?"

"நேராத்தான் வந்துது அம்மிணி."

பொட்டலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "நல்லதுக்குத்தான் குடுத்தீங்கன்னு தெரியுதுங்ணா. ஆனாலும் எனக்கு இன்னிக்கு உங்க மேல கோவமாத்தான் இருக்குது. அது தீர்ற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும், உட்டுருங்" என்றாள். சரி என்றேன். அந்தக் கோபம் எனக்கு வேண்டியிருந்தது.

அர்த்தனாரி தொங்கும் மணிக்கட்டை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டான். பிறகு, "மாஸ்க் போடாதவனையும் தொரத்துனீங்க, வெல்லம் திங்காதவனையும் தொரத்துனீங்க. மாமியார்னா சும்மாவா?" என்றான். "ஏனுங்ணா, வெல்லத்தை நிறுத்துனா மட்டும் பத்துங்ளா? ரெண்டு மணிக்குச் சங்கு, ரெண்டே காலுக்கு டவுன் பஸ். எவன் குளிக்கறான்? முகத்தைத் தொடச்சுட்டு ஓடறோம். அதே கையில பஸ்ஸுல முறுக்குத் திங்கறோம். குளிக்கற நேரத்தை ஷிப்டுக்குள்ளயே கேக்கோணும், கேக்கோணும்னு அஞ்சு வருசமா சொல்லிட்டே இருக்கறீங். இப்பவாச்சும் போய்க் கேளுங்."

"உன்ற கையி?"

"அது பாட்டுக்கு வரும். நீங்க போங்."

ஜூலை 26, புதன்

மேனேஜர் ரூம். நான், டாக்டரம்மா, கூடவே மாரப்பன். மாரப்பனை நான்தான் கூப்பிட்டேன். அவனும் ஒரு வார்த்தை கேலி பேசாமல் வந்தான். ஒரு மணி நாற்பதுக்கே மில்லை நிறுத்த வேண்டும், இருபது நிமிஷம் குளிக்க, உடை மாற்ற, அதுவும் ஷிப்ட் நேரத்துக்குள்ளேயே. இதுதான் கோரிக்கை.

மேனேஜர் கெட்டவர் இல்லை, ஆனால் இருபது நிமிஷம் என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். மூன்று ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் உற்பத்தி போகும் என்றார். மாஸ்க் கொடுத்திருக்கிறோம், புது ஃபேன் போட்டிருக்கிறோம், மருத்துவம் பார்க்கிறோம் என்று அடுக்கினார். "என்னமோ கம்பெனி உங்களைக் கை கழுவிட்ட மாதிரி பேசறீங்களே நாச்சிமுத்து?"

"கை கழுவறதுக்குத்தானுங் சார் இருவது நிமிஷம் கேக்கறோம்" என்றேன்.

நான் வேண்டுமென்று சொல்லவில்லை, தானாக வந்துவிட்டது. டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேனேஜருக்கே உதடு கோணியது. அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா என்னிடமிருந்து இந்த நோட்டை வாங்கித் திறந்து சிவப்புக் கோட்டைக் காட்டினார். பிறகு தன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, மேனேஜர் மேசை விளிம்பைத் துடைத்தார். லேசாகத்தான் சிவந்தது. மில்லைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து அவர் கை ஊன்றுகிற இடம் அது. பக்கத்தில் அவருடைய பிஸ்கட் தட்டு இருந்தது.

இருபது நிமிஷமும் கிடைத்தது.

ஆகஸ்ட் 7, திங்கள்

இன்றைக்கு முதல் நாள். 1.40-க்கு மில் நின்றது. குளியல் அறைக்கு இப்போது இரண்டு கதவு. மில் பக்கக் கதவில் நுழைந்து, மாவுச் சட்டையைக் கூடையில் போட்டு, சோப்புத் தேய்த்துக் குளித்து, வீட்டுச் சட்டையோடு கேட் பக்கக் கதவில் வெளியே வர வேண்டும். சொன்னால் சுலபம். யார்டுக்குப் போன மூன்று பேர் போக மீதி எட்டுப் பேரில் இரண்டு பேர் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு ஓடிவந்துவிட்டார்கள். வறண்ட முதுகைப் பார்த்தே திருப்பி அனுப்பினேன்.

வாயில் போனது: வீட்டில் சாப்பிட்டது மட்டும்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

தெளித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் நாலு பேர் ஆகிவிட்டார்கள். கத்திப் பார்த்தாகிவிட்டது. ருக்குமணியிடம் புலம்பினேன். "நீங்க கத்துனா வருவாங்களா? வெல்லம்னா வருவாங்க" என்றாள்.

ஆகஸ்ட் 16, புதன்

டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "மருந்துன்னு சொல்லாம, வெல்லம்னு மட்டும் சொல்லிக் குடுப்பீங்கன்னா எனக்கு ஆட்சேபனை இல்ல. கேட் பக்கம், குளிச்ச கைக்கு மட்டும்."

கடையில் புதுத் தூக்குப்போசி வாங்கினேன், மூடி இறுக்கமாக நிற்கிறதா என்று நாலு தடவை பார்த்து. அது மில் பக்கம் போகவே போகாது, கேட்டில் வாட்ச்மேன் ரூமில் இருக்கும். எடுத்துக் கொடுப்பது இடுக்கியால். புதன்கிழமைகளில் டாக்டரம்மா யாராவது மூன்று பேர் கையைக் காகிதத்தால் துடைத்துப் பார்ப்பார். சிவந்தால் வெல்லம் கிடையாது, திரும்பப் போய்க் குளிக்க வேண்டும். இன்றைக்கு முதலில் சிவந்தது என் கை. நகத்துக்குள் மாவு. எட்டுப் பேர் வெல்லத்தைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க, நான் நகவெட்டியோடு திரும்பிப் போனேன். ஷிப்டுக்கே அவ்வளவு சந்தோஷம்.

செப்டம்பர் 6, புதன்

ரிசல்ட். ஏ ஷிப்ட் சராசரி நாற்பத்தாறு. எனக்கு நாற்பத்துமூன்று. பி ஷிப்டிலும் இறங்கியிருக்கிறது. மாரப்பன் ஆட்களுக்கு வெல்லத்துக்குப் பதில் பொட்டுக்கடலை. அர்த்தனாரிக்கு ஐம்பத்தொன்று. இறங்குகிறது, இன்னும் இறங்கும், எலும்பில் போனது வர நாளாகும் என்று டாக்டரம்மா சொன்னார். இனி நோட்டு எழுத வேண்டியதில்லை என்றும் சொன்னார். பழகிவிட்டது என்றேன்.

வயிறு: நன்று. (இது உண்மை. ருக்குமணி.)

செப்டம்பர் 24, ஞாயிறு

அர்த்தனாரி வீட்டில். மேசை ஓரத்தில் கையைத் தொங்கவிட்டு, "பாருங்" என்றான். மணிக்கட்டு ஒரு விரற்கடை மேலே வந்து நின்றது. நடுங்கியது, விழவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. வசந்தாமணி தட்டில் முறுக்கும் வெல்லமும் கொண்டுவந்து வைத்தாள். "கையைக் கழுவிட்டு எடுங்ணா" என்றாள். கோபம் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 9, திங்கள்

அர்த்தனாரி வேலைக்குத் திரும்பினான். மாவு பக்கம் இனி இல்லை, பேட்டரி டெஸ்டிங்கில். சட்டைப் பட்டனில் மேல் ஒன்று மட்டும் போடாமல் விட்டிருந்தான். "மத்தது நானே போட்டது" என்றான்.

கேரம் பக்கம் அவன் போகவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அக்டோபர் 23, திங்கள், ஆயுத பூஜை

மில்லைத் தண்ணீர் விட்டுக் கழுவி, பூட்டி, வெளிக் கதவுக்குச் சந்தனம் வைத்தோம். மண்டை ஓட்டுக்கும் வைத்தோம். கேட் பக்கக் குழாய்க்கும் ஒரு பொட்டு வைத்தேன், அதற்கு இந்த வருஷம்தான் முதல் தடவை. எல்லோரும் கை கழுவிய பிறகே பொரியும் கடலையும்.

கேரம் போட்டிக்கு அர்த்தனாரி பேர் கொடுக்கவில்லை. பேக்கிங்கில் ஒருத்தன் ஜெயித்தான். கூட்டம் கலைந்த பிறகு அர்த்தனாரி வந்து போர்டுக்கு எதிரே உட்கார்ந்தான். பவுடர் டப்பாவை எடுத்து, பார்த்துப் பார்த்துத் தூவினான்.

"ஒரு ஆட்டம் போடலாமுங்ளா?"

விட்டுக்கொடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் பாசத்தில் கொடுப்பதையும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று இந்த வருஷம் தெரிந்துகொண்டிருக்கிறேன். முழு மூச்சாக ஆடினேன்.

அவனுடைய ஸ்ட்ரைக்கர் முதல் இரண்டு தடவையும் பாதி வழியில் நின்றது. மூன்றாவதுக்கு ஆள்காட்டி விரலை விட்டுவிட்டு நடுவிரலுக்கு மாறினான். மெதுவாக, பக்கத்துக் குழிகளை மட்டும் குறிவைத்து ஆடினான். எனக்கு இரண்டு காய் பாக்கி, அவனுக்கு மூன்று. ரெட் காயை நான் குறிவைத்துத் தவறவிட்டேன். அவன் ரெட் காயைப் போட்டான், அதற்குத் துணையாக இன்னொன்றையும் போட்டான். அடுத்ததும் விழுந்தது. கடைசிக் காய் எதிர் மூலையில், அவனுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. மணிக்கட்டை இடது கையால் ஒரு தடவை நீவிவிட்டு, ஸ்ட்ரைக்கரை வைத்தான்.

காய் குழியில் விழும் சத்தம்தான் கேட்டது. போனதை நான் பார்க்கவில்லை.

"இன்னிக்குப் பவுடர் பத்துச்சுங்ணா" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் ருக்குமணி, "என்னுங், முகம் இப்புடி இருக்குது? ஜெயிச்சுட்டீங்ளா?" என்றாள்.

"தோத்துட்டேன்" என்றேன். சொல்ல அவ்வளவு நன்றாக இருந்தது, இன்னொரு தடவை சொன்னேன்.

ஜூலை 8-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பி, ஜெயித்துவிட்டேன் என்று எழுதியிருந்ததை இப்போது அடித்துவிட்டேன். பதினொரு வருஷத்தில் அவனை ஒரு ஆட்டம்கூட நான் ஜெயித்ததில்லை.